புக் ஃபைலுக்குள் புத்தகம் இல்லை

பென் டிரைவில் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. "முழுப் புத்தகமும் உள்ளே இருக்கிறது, இதிலிருந்து பி.டி.எஃப். எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். படங்களும் அட்டவணைகளும் நிறைந்த ஓர் ஊர் வரலாற்று நூல் அது. ஃபைலின் அளவைப் பார்த்தேன். செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் திறந்ததும் திரையோரம் ஒரு சின்னப் பேனல் விரிந்தது. அதில் பதினான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி.

கொடுத்துவிட்டுப் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்டிசைன் அந்த வகை ஃபைலுக்கு "புக்" என்று பெயர் வைத்திருந்தால் யாரும் அதைப் புத்தகம் என்றுதான் நினைப்பார்கள். டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை, செய்கிறவர்களே "எல்லா சாப்டரையும் புக்கில் போட்டாச்சு", "புக்கில் சேர்த்துட்டா எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும்", "பொருளடக்கம் அதுவே வந்துடும்" என்று பேசிக்கொள்கிறோம். மூன்றுமே பாதி உண்மைகள். மீதிப் பாதி எப்போது தெரியவரும் என்றால், ஜனவரி மாதப் புத்தகக் காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது தெரியவரும். அதனால் இதை முதலிலிருந்து நிதானமாகப் பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டுக்கு அடோபி இன்டிசைனையே வைத்துக்கொள்கிறேன். நான் நாள்தோறும் புழங்குவது அதுதான்.

ஒரே ஃபைலில் செய்தால் என்ன?

தாராளமாகச் செய்யலாம். இன்டிசைன் ஒரு ஃபைலில் 9,999 பக்கம் வரை அனுமதிக்கிறது. 200 பக்க நாவல், படமே இல்லை, ஒரே ஆள் வேலை செய்கிறார் என்றால் அதைப் பிரிப்பது வீண் வேலை. பிரிக்காதீர்கள்.

ஆனால் கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் வைப்பதில்லை. சாம்பார் தனி, ரசம் தனி, கூட்டு தனி. ஒன்றில் உப்பு கூடிப்போனால் மற்றது தப்பிக்கும். நாலு பேர் நாலு அடுப்பில் ஒரே நேரத்தில் நிற்கலாம். காய் இன்னும் வந்து சேராத பொரியலுக்காக ரசம் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய புத்தகத்திலும் இதே மூன்று காரணங்கள்தான். ஒரு ஃபைல் கெட்டுப்போனால் ஓர் அத்தியாயத்தோடு போகும். இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு அத்தியாயத்தில் வேலை செய்யலாம். ஆசிரியர் ஏழாவது அத்தியாயத்தை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் ஆறும் மெய்ப்புக்குப் போய்விடலாம். நடைமுறையில் இந்த மூன்றாவதுதான் பெரிய காரணம். கையெழுத்துப் பிரதி முழுவதும் ஒரே நாளில் கைக்கு வந்த தொகுப்பு நூல் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பிரித்தவுடன் புதிதாக ஒரு கவலை பிறக்கிறது. பதினான்கு ஃபைல்கள் பதினான்கு திசையில் போய்விடக் கூடாது. எழுத்தளவு ஒன்றாக இருக்க வேண்டும். பக்க எண் ஒன்றிலிருந்து கடைசி வரை ஓட வேண்டும். பொருளடக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாக வர வேண்டும். புக் ஃபைல் வந்தது இந்தக் கவலைக்காகத்தான்.

அது ஒரு வருகைப் பதிவேடு

பள்ளி வருகைப் பதிவேட்டில் என்ன இருக்கும்? பெயர்கள், ஒரு வரிசையில். பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே வந்துவிட மாட்டார்கள். ஒரு பெயரை அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போய்விடாது. இந்த வகுப்புக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

புக் ஃபைலும் இதேதான். இன்டிசைனில் நாம் பக்கம் அமைக்கிற சாதாரண ஃபைலின் பெயர் ஐ.என்.டி.டி. என்று முடியும். அதை இந்தக் கட்டுரையில் அத்தியாய ஃபைல் என்று சொல்கிறேன். புக் ஃபைலின் பெயர் ஐ.என்.டி.பி. என்று முடியும். அதற்குள் உரை ஒரு வரிகூட இல்லை, படம் ஒன்றுகூட இல்லை. எந்தெந்த அத்தியாய ஃபைல்கள், அவை கணினியில் எங்கே இருக்கின்றன, எந்த வரிசையில் வர வேண்டும், அவற்றில் எது மற்றவற்றுக்கு முன்மாதிரி என்ற விவரம்தான் அதில் இருக்கிறது.

பனையோலைச் சுவடி பார்த்திருப்பீர்கள். ஓலைகளில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கோத்திருப்பார்கள். எழுத்தெல்லாம் ஓலையில்தான். கயிறு வரிசையைக் காக்கிறது. அந்தக் கயிறு மட்டும்தான் பென் டிரைவில் எனக்கு வந்திருந்தது.

பேனலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வருகிற குறிகள் வருகைக் குறிகள் மாதிரிதான். விரித்த புத்தகப் படம் இருந்தால் அந்த ஃபைல் இப்போது உங்கள் கணினியில் திறந்திருக்கிறது. பூட்டு இருந்தால் வேறொருவர் அதைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். மஞ்சள் முக்கோணம் இருந்தால் புக் ஃபைல் மூடியிருந்த நேரத்தில் யாரோ அந்த அத்தியாயத்தைத் தனியாகத் திறந்து மாற்றியிருக்கிறார்கள். கேள்விக்குறி இருந்தால் ஆள் வரவில்லை: ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அல்லது பெயரை மாற்றிவிட்டார்கள், அல்லது அழித்தேவிட்டார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. அத்தியாயங்களைச் சேமிப்பது வேறு, புக் ஃபைலைச் சேமிப்பது வேறு. பேனலின் அடியில் அதற்கென்று தனியாக ஒரு சேமிப்புப் பொத்தான் இருக்கிறது. அத்தியாயங்களின் வரிசையை மாற்றிவிட்டு, அத்தியாய ஃபைலில் மட்டும் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் புதிய வரிசை சேமிக்கப்பட்டிருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புக் ஃபைல் அத்தியாயங்களை ஒன்றாக ஒட்டுவதில்லை. அவற்றைப் பெயர் சொல்லி, வரிசை போட்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. யாருக்காவது அனுப்புவதென்றால் அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் கூடப் போக வேண்டும். பேனல் மெனுவில் உள்ள "பேக்கேஜ்" என்ற வசதி அவற்றை ஒரே ஃபோல்டரில் பிரதி எடுத்துத் தந்துவிடும்.

அளவுச் சட்டை

இரண்டாவது குழப்பத்துக்கு வருவோம்: "புக்கில் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்." சேர்த்ததால் மட்டும் எதுவும் ஆகாது. சிங்க்ரனைஸ் செய்ய வேண்டும். அதைத் தமிழில் ஒத்திசைத்தல் என்று சொல்லிக்கொள்ளலாம். அது எதை ஒத்திசைக்கிறது என்று புரிய முதலில் ஸ்டைல் என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

ஸ்டைல் என்பது பெயரிட்டுச் சேமித்த அமைப்பு. "துணைத்தலைப்பு என்றால் 14 புள்ளி, தடித்த எழுத்து, மேலே ஒரு வரி இடைவெளி" என்று ஒருமுறை சொல்லிவைத்து, அதற்கு "துணைத்தலைப்பு" என்றே பெயர் கொடுத்துவிட்டால், பிறகு எங்கெல்லாம் துணைத்தலைப்பு வருகிறதோ அங்கெல்லாம் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். பிற்பாடு 14 வேண்டாம் 13 போதும் என்றால் ஓர் இடத்தில் மாற்றினால் அந்த ஃபைல் முழுக்க மாறும். அந்த ஃபைல் முழுக்க மட்டும்தான். அடுத்த அத்தியாயத்துக்கு இந்த மாற்றம் தெரியாது.

தையற்காரரிடம் நாலு சட்டைக்குத் துணி கொடுக்கும்போது பழைய சட்டை ஒன்றையும் அளவுக்குக் கொடுப்போம். "இதே மாதிரி." இன்டிசைனில் அந்த அளவுச் சட்டைக்குப் பெயர் ஸ்டைல் சோர்ஸ். நான் மூல ஃபைல் என்று சொல்கிறேன். பேனலில் பெயருக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் குறி இருக்குமே, அதுதான் மூல ஃபைல். முதலில் எந்த ஃபைலைச் சேர்த்தீர்களோ அதையே இன்டிசைன் மூல ஃபைலாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் முதலில் சேர்ப்பது முன்பகுதியை: தலைப்புப் பக்கம், காணிக்கை, முன்னுரை. அதில் நூலின் முக்கிய உரையும் அடிக்குறிப்பும் ஒழுங்காக அமைந்திருக்காது. அதைப் பார்த்து மற்றவற்றைத் தைத்தால் என்ன ஆகும்! நன்றாக அமைந்த ஓர் அத்தியாயத்துக்கு நேரே அந்தக் கட்டத்தில் கிளிக் செய்து குறியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒத்திசைக்கும்போது நடப்பது இதுதான். மூல ஃபைலில் உள்ள ஸ்டைல்களின் பெயர்களை இன்டிசைன் ஒவ்வொன்றாக எடுக்கிறது. அதே பெயர் மற்ற அத்தியாயத்தில் இருந்தால் அதன் அமைப்பை மூலத்தில் இருப்பதுபோல் மாற்றுகிறது. அந்தப் பெயரே இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கிறது. மற்ற அத்தியாயத்தில் மட்டும் இருந்து மூலத்தில் இல்லாத ஸ்டைல்களைத் தொடுவதே இல்லை. ஸ்டைல்களோடு வண்ணங்களையும், பக்கங்களின் தலைப்பட்டை போன்றவற்றை வைத்திருக்கும் மாஸ்டர் பேஜையும் இப்படி ஒத்திசைக்கலாம். புதிய பதிப்புகளில் மாஸ்டர் பேஜுக்குப் பேரன்ட் பேஜ் என்று பெயர் மாறியிருக்கும். வேலை அதே வேலைதான்.

ஆக, எல்லாம் பெயரை வைத்துத்தான் நடக்கிறது. இன்டிசைன் உங்கள் பக்கத்தைப் பார்த்து "இது துணைத்தலைப்பு மாதிரி தெரிகிறது" என்று ஊகிப்பதில்லை. ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து ஒரு நூலை அமைத்தோம். நான் "உபதலைப்பு" என்று வைத்திருந்தேன். கூட வேலை செய்தவர் "உப தலைப்பு" என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டு வைத்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒத்திசைத்ததும் அவருடைய அத்தியாயங்களில் "உபதலைப்பு" என்ற ஸ்டைல் புதிதாக வந்து உட்கார்ந்தது, யாரும் பயன்படுத்தாமல். தலைப்புகளெல்லாம் பழைய "உப தலைப்பு" ஸ்டைலிலேயே அசையாமல் நின்றன. பொருளடக்கம் எடுத்தபோது அவருடைய அத்தியாயங்களின் துணைத்தலைப்பு ஒன்றுகூட வரவில்லை. ஓர் இடைவெளிக்கு அரை நாள் போயிற்று. இப்போதெல்லாம் ஸ்டைல் பெயர்களைக் கையால் அடிப்பதே இல்லை. முதல் அத்தியாயத்தை முழுமையாக முடித்து, அதையே பிரதி எடுத்து, உள்ளே இருக்கும் உரையை மட்டும் மாற்றி அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குகிறோம்.

இன்னொரு விஷயத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஸ்டைல் போட்ட பத்தியில் யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தால், உதாரணமாக ஒரு பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடாமல் இருக்க எழுத்தளவை 11-லிருந்து 10.8 ஆக்கியிருந்தால், ஸ்டைல் பேனலில் அந்தப் பெயரோடு ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஓவர்ரைடு என்று பெயர். ஒத்திசைத்தாலும் அந்தப் பத்தி 10.8 ஆகத்தான் நிற்கும். கையால் செய்ததைக் கையால்தான் நீக்க முடியும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். யூனிகோடு தமிழ் இன்டிசைனில் சரியாகத் தெரிய, வரிகளை அமைக்கும் பகுதி வேர்ல்டு ரெடி கம்போசராக இருக்க வேண்டும். சாதாரண கம்போசராக இருந்தால் "கொ" என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். இந்தத் தேர்வு பத்தி ஸ்டைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. அதனால் மூல ஃபைலில் சரியாக வைத்திருந்தால், ஒத்திசைத்த நொடியில் எல்லா அத்தியாயங்களிலும் கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கும். ஆனால் யாராவது ஒரு பத்தியில் மட்டும் கம்போசரைக் கையால் மாற்றியிருந்தால் அந்தப் பத்தி மட்டும் உடைந்தே நிற்கும். முந்நூறாவது பக்கத்தில் தனியாக ஒரு பத்தி மட்டும் உடைந்திருந்தால் முதலில் அந்தக் கூட்டல் குறியைத் தேடுங்கள்.

ஒத்திசைப்பதற்கு முன் முழு ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மூடியிருக்கும் அத்தியாயங்களை இன்டிசைன் தானே திறந்து, மாற்றி, சேமித்து, மூடிவிடும். அவற்றில் "அன்டூ" வேலை செய்யாது.

சுருக்கமாக: ஒத்திசைவு மூல ஃபைலிலிருந்து மற்றவற்றுக்கு ஒரு வழியாகத்தான் பாயும், பெயர் பார்த்துப் பாயும், சொல்லும்போது மட்டும் பாயும். நீங்கள் மறுபடி அழுத்தும் வரை மறுபடி நடக்காது.

பக்க எண் என்பது வரிசையில் உங்கள் இடம்

ரேஷன் கடை வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் எண் என்ன என்பது உங்கள் கையில் இல்லை. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. நடுவில் இரண்டு பேர் வந்து சேர்ந்தால் பின்னால் இருக்கும் எல்லோருடைய எண்ணும் இரண்டு கூடும். பக்க எண்ணையும் இப்படித்தான் நினைக்க வேண்டும்.

அதனால் பக்க எண்ணை விசைப்பலகையில் அடிக்கக் கூடாது. "இந்தப் பக்கத்தின் எண் எதுவோ அதை இங்கே காட்டு" என்று சொல்லும் ஒரு குறியை மாஸ்டர் பேஜில் வைக்க வேண்டும். டைப் மெனுவில், சிறப்பு எழுத்துகளில், "கரன்ட் பேஜ் நம்பர்" என்ற பெயரில் அது இருக்கிறது. மாஸ்டர் பேஜில் அதைப் போட்டதும் எண் தெரியாது, "ஏ" என்ற ஆங்கில எழுத்து தெரியும். அந்த மாஸ்டர் பேஜின் முன்னொட்டு அது. புதிதாகக் கற்கிறவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பாகிவிட்டது என்று அழித்துவிட்டு 1, 2, 3 என்று ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அந்த "ஏ" ஐந்தாம் பக்கத்துக்குப் போனால் 5 ஆகும், 212-ஆம் பக்கத்துக்குப் போனால் 212 ஆகும்.

ஒவ்வொரு அத்தியாய ஃபைலும் தன் முதல் பக்க எண்ணை இரண்டு வழிகளில் முடிவு செய்யலாம். ஒன்று, தானியங்கி: புக் வரிசையில் எனக்கு முன்னால் இருக்கும் ஃபைல் எங்கே முடிந்ததோ அங்கிருந்து தொடர்வேன். மற்றொன்று, பிடிவாதம்: யார் எங்கே முடித்தாலும் நான் 57-இல்தான் தொடங்குவேன். "நம்பரிங் அண்ட் செக்‌ஷன்" என்ற பெட்டியில் "ஸ்டார்ட் அட்" என்று ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் அது பிடிவாதம். "புக்கில் போட்டும் பக்க எண் ஓட மாட்டேன் என்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் முதலில் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் ஏதோ ஓர் அத்தியாயத்தில் பழைய எண் ஒன்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தானியங்கிக்கு மாற்றினால் பின்னால் இருப்பவை அடுத்தடுத்துச் சரியாகிவிடும்.

பிடிவாதம் வேண்டிய இடமும் உண்டு. முன்பகுதிக்கு சிறிய ரோமன் எண்கள் கொடுத்து, முதல் அத்தியாயத்தை 1-இல் தொடங்குவது பழைய பதிப்பு மரபு. அங்கே முதல் அத்தியாயத்துக்கு மட்டும் "ஸ்டார்ட் அட் 1" கொடுக்க வேண்டும். அந்த ஓர் இடம் போதும்.

அத்தியாயம் ஒற்றைப்படைப் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் தொடங்க வேண்டுமா என்பது அடுத்த முடிவு. புக் பேனல் மெனுவில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: அப்படியே தொடர், அடுத்த ஒற்றைப்படையில் தொடங்கு, அடுத்த இரட்டைப்படையில் தொடங்கு. கூடவே, தேவையானால் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்துக்கொள் என்ற தேர்வும் உண்டு. வலப்பக்கத் தொடக்கத்துக்கு அழகு மட்டும் காரணமில்லை. "அப்படியே தொடர்" என்று வைத்திருக்கும்போது மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடினால், நான்காம் அத்தியாயம் 57-க்குப் பதில் 58-இல் தொடங்கும். இடப்பக்கங்களெல்லாம் வலப்பக்கங்களாகும், வலப்பக்கங்கள் இடமாகும். இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே விரித்து வைத்த படமெல்லாம் சிதறிவிடும். படம் அதிகம் உள்ள நூலென்றால் நான் ஒற்றைப்படையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் வெற்றுப் பக்கத்துக்கும் காகித விலை உண்டு. நம் அச்சகங்களில் பாரம் கணக்கில்தான் பேசுவார்கள். பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுதி. ஒரு பாரம் 16 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 384 பக்கம் சரியாக 24 பாரம். வெற்றுப் பக்கங்கள் நாலு சேர்ந்து 388 ஆகிவிட்டால் அந்த நாலு பக்கத்துக்காக இன்னொரு பாரத்தைத் தொட வேண்டும். பதிப்பாளர் இதைக் கேட்டதும் "தொடர்ந்தே ஓட்டிடுங்க" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த முடிவை வடிவமைப்பு தொடங்கும் முன்பே பேசி எடுத்துவிட வேண்டும். கடைசியில் மாற்றினால் ஒவ்வொரு அத்தியாயத்தின் இடம் வலத்தையும் மறுபடி பார்த்தாக வேண்டியிருக்கும்.

அடிக்குறிப்பு எண் இந்த வரிசையில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அத்தியாய ஃபைலிலும் அது தனியாகத்தான் தொடங்கும். அத்தியாயவாரியாக 1, 2, 3 என்று வேண்டுமென்றால் அதுவே வசதி. நூல் முழுக்கத் தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்க எண்ணை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பொருளடக்கம் ஒரு புகைப்படம்

பொருளடக்கத்தையும் நாம் அடிப்பதில்லை. "அத்தியாயத் தலைப்பு", "துணைத்தலைப்பு" ஆகிய ஸ்டைல்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அவற்றைத் தேடி, அந்த வரிகளையும் பக்க எண்களையும் எடுத்து வரிசையாகத் தா என்று இன்டிசைனிடம் சொல்கிறோம். ஸ்டைல் போடாமல் கையால் பெரிதாக்கித் தடிமனாக்கிய தலைப்பு, பார்க்கத் தலைப்பாக இருந்தாலும் பொருளடக்கத்தில் வராது.

எல்லா அத்தியாயங்களிலிருந்தும் வர வேண்டுமென்றால், பொருளடக்கப் பெட்டியில் "இன்க்ளூட் புக் டாக்குமென்ட்ஸ்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் பொருளடக்கம் இருக்கும் அந்த ஒரு ஃபைலில் மட்டும் தேடிவிட்டு நின்றுவிடும். நூலின் கடைசியில் அகரவரிசையில் வரும் சொல்லடைவுக்கும் இதேபோல் "புக்" என்று ஒரு கட்டம் உண்டு.

இப்படி வந்த பொருளடக்கம் எடுத்த நொடியின் புகைப்படம். பிள்ளை வளர்ந்தாலும் படம் வளராது. பிறகு நீங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் சேர்த்தால் அத்தியாயங்களின் பக்க எண்கள் மாறிவிடும், பொருளடக்கத்தில் பழைய எண்கள் அப்படியே இருக்கும். அந்த உரைப்பெட்டியில் கர்சரை வைத்து "அப்டேட்" கொடுத்தால்தான் புதுப் படம் கிடைக்கும். அதனால் பொருளடக்கத்தைக் கையால் அழகுபடுத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும். அழகை அதற்குரிய ஸ்டைல்களில் வையுங்கள்.

உரைக்குள் "இது பற்றி 212-ஆம் பக்கத்தில் காண்க" என்று ஆசிரியர் எழுதியிருப்பார். அதைக் கையால் அடித்து வைத்தால் அது என்றைக்கும் 212-தான். குறுக்குக் குறிப்பு என்ற வசதியைப் பயன்படுத்தி அந்தப் பத்தியோடு இணைத்துவிட்டால், புக் பேனல் மெனுவிலிருந்து எல்லாவற்றையும் ஒரே அடியில் புதுப்பிக்கலாம்.

சுருக்கமாக: பக்க எண் தானாக ஓடும், பொருளடக்கமும் சொல்லடைவும் கேட்டால் மட்டும் ஓடும்.

ஃபைல் பெயரும் ஃபோல்டரும்

எல்லா அத்தியாயங்களையும் புக் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். படங்களுக்கு அதற்குள் இன்னொரு ஃபோல்டர். பெயர்களை 01, 02, 03 என்று தொடங்குவதைவிட 010, 020, 030 என்று தொடங்குவது நல்லது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஆசிரியர் புதிதாக ஓர் அத்தியாயம் கொடுத்தால் அதற்கு 035 என்று பெயர் வைத்துவிடலாம். மற்ற ஃபைல்களின் பெயரைத் தொட வேண்டியதில்லை. பெயரைத் தொட்டால் பதிவேட்டில் கேள்விக்குறி விழும். தொட்டே ஆக வேண்டியிருந்தால், புக் பேனல் மெனுவில் "ரீப்ளேஸ் டாக்குமென்ட்" என்று சொல்லிப் புதுப் பெயரைக் காட்ட வேண்டும்.

ஃபைல் பெயரில் உள்ள எண் நமக்குத்தான் அடையாளம். இன்டிசைன் பேனலில் உள்ள வரிசையை மட்டுமே பார்க்கும். 035-ஐப் பேனலில் சரியான இடத்துக்கு இழுத்து விடுவது உங்கள் வேலை.

மற்ற மென்பொருள்களில்

இது இன்டிசைனோடு பிறந்த யோசனை இல்லை. தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளை நெடுநாள் ஆண்ட பேஜ்மேக்கரிலேயே "புக்" என்ற கட்டளை இருந்தது. நம்மில் பலர் அந்த மெனுவைத் திறந்ததில்லை. நீண்ட தொழில்நுட்பக் கையேடுகளுக்காகவே உருவான ஃப்ரேம்மேக்கரில் புக் ஃபைல்தான் வேலையின் நடுமையம். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதே வேலையை மாஸ்டர் டாக்குமென்ட் செய்கிறது. பொத்தான்களின் பெயர் மாறும். பதிவேடு, அளவுச் சட்டை, வரிசை என்ற மூன்றும் எங்கே போனாலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

கடைசி நாள்

மெய்ப்பு முடிந்தது, இனி ஒரு புள்ளிகூட மாறாது என்ற நிலையில் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் ஃபோல்டரைப் பிரதி எடுக்கிறேன். ஒத்திசைக்கிறேன். ஒத்திசைத்ததால் ஏதாவது அத்தியாயத்தில் வரிகள் நகர்ந்து பக்கம் கூடியதா என்று ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் திறந்து பார்க்கிறேன். பேனலில் பக்க எண்களைப் புதுப்பிக்கிறேன். பிறகு சொல்லடைவு, அதன் பிறகு பொருளடக்கம்.

பொருளடக்கம் எடுத்த பின் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாலு பக்கமாக இருந்த பொருளடக்கம் ஐந்து பக்கமாகியிருக்கலாம். முன்பகுதிக்கு ரோமன் எண் கொடுத்து, முதல் அத்தியாயத்தை 1-இல் தொடங்கியிருந்தால் பிரச்சினையில்லை. முன்பகுதியும் அதே எண் வரிசையில் ஓடுகிறதென்றால், பொருளடக்கமே ஒரு பக்கம் கூடியதால் அது சொல்லும் எல்லாப் பக்க எண்களும் தவறாகியிருக்கும். அப்போது பக்க எண், சொல்லடைவு, பொருளடக்கம் மூன்றையும் இன்னொரு சுற்று புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டு அச்சுக்குப் போன நூல்களை நூலகத்தில் பார்க்கும்போது, பாவம் யாரோ அவசரத்தில் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

பி.டி.எஃப். எடுக்கும் முன் பேனலில் பெயர்களுக்குக் கீழே உள்ள காலி இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். ஏதாவது ஓர் அத்தியாயம் தேர்வாகி இருந்தால் அது மட்டும்தான் பி.டி.எஃப். ஆகும். ஒன்றும் தேர்வாகாமல் இருந்தால்தான் மெனுவில் "எக்ஸ்போர்ட் புக்" என்று தெரியும். பதினான்கு ஃபைல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பி.டி.எஃப்.-ஆக வந்து விழும். அதைத் திறந்து, பொருளடக்கத்தில் ஏதாவது ஆறு தலைப்புகளை எடுத்து, அந்தந்தப் பக்கத்துக்குப் போய் அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.